ஒட்டாத பாத்திரமும் ஒழியாத ரசாயனமும்

(சங்கத்தின் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரியில் வேதியியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஒரு காரணத்துக்காகச் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். "நான்-ஸ்டிக் பாத்திரம் நல்லதா, கெட்டதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுங்கள்" என்றார். நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லப் பத்து நிமிஷம்கூட வேண்டாம். ஆனால் காரணம் தெரியாமல் கேட்டுக்கொண்ட யோசனை மனதில் தங்காது. அடுத்த வாரம் செல்போனில் நேர் எதிரான செய்தி ஒன்று வரும், அதையும் நம்பிவிடுவோம். ஆகவே கொஞ்சம் விரிவாகப் பேச அனுமதி வாங்கியிருக்கிறேன்.

மும்பையோ, டெல்லியோ, கொல்கத்தாவோ, பெங்களூருவோ, நம்மில் பலர் வீட்டு அடுக்களையில் இரண்டு கல் இருக்கும். ஒன்று, பாட்டி காலத்து இரும்பு தோசைக்கல். இன்னொன்று, கறுப்புப் பூச்சு போட்ட நான்-ஸ்டிக் தவா. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளையோ பெண்ணோ, "அம்மா, முதலில் இந்தத் தவாவைத் தூக்கிப் போடு" என்கிறார்கள். அம்மாவோ, "இதில்தானே எண்ணெய் குறைவாகச் செலவாகிறது என்று நீதான் வாங்கிக் கொடுத்தாய்" என்கிறாள். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். அந்த இரண்டு கல்லின் மேலும் இருப்பது பாலிமர் பூச்சுதான். சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஒன்றோடு ஒன்று கைகோத்து நீண்ட சங்கிலியாக ஆனால் அதற்குப் பாலிமர் என்று பெயர். ஒன்றைத் தொழிற்சாலை போட்டது; மற்றதைப் பாட்டி போட்டாள். பாட்டி போட்ட பூச்சுக்குக் கடைசியில் வருகிறேன்.

ஒட்டுவது ஏன்?

கண்ணாடி மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பரவுகிறது. தாமரை இலை மேல் விட்டால் முத்தாக உருள்கிறது. தண்ணீர் ஒன்றுதான், பரப்புதான் வேறு. நீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன. கீழே உள்ள பரப்பும் அவற்றை இழுக்கிறது. பரப்பின் இழுப்பு பலமாக இருந்தால் சொட்டு பரவி ஒட்டிக்கொள்ளும். அது பலவீனமாக இருந்தால் சொட்டு தன்னைத் தானே உருட்டிக்கொண்டு ஓடிவிடும்.

விஞ்ஞானிகள் இதை ஓர் எண்ணால் அளக்கிறார்கள். மீட்டருக்கு மில்லிநியூட்டன் என்ற அளவில் நீரின் பரப்பு இழுவிசை சுமார் 72. சமையல் எண்ணெய்களுக்கு 30-ஐ ஒட்டி இருக்கும். ஒரு திடப்பொருளின் பரப்பு ஆற்றல் இவற்றுக்கெல்லாம் கீழே இருந்தால் தண்ணீரும் ஒட்டாது, எண்ணெயும் ஒட்டாது. அப்படிப்பட்ட பொருள்கள் மிகச் சில. அவற்றில் தலையானது டெஃப்ளான். அதன் அளவு சுமார் 20 தான்.

காலி சிலிண்டரில் கிடைத்தது

டெஃப்ளானை யாரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. 1938 ஏப்ரல் 6-ஆம் தேதி, அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராய் பிளங்கெட் என்ற 27 வயது ரசாயன நிபுணர், ஃப்ரிட்ஜுக்கான குளிரூட்டும் வாயு பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். டெட்ராஃப்ளோரோஎத்திலீன் என்ற வாயுவைச் சிலிண்டரில் அடைத்து வைத்திருந்தார். அன்று வால்வைத் திறந்தால் வாயு வரவில்லை. எடை போட்டுப் பார்த்தால் சிலிண்டரின் எடை குறையவும் இல்லை. வேறொருவராக இருந்தால் சிலிண்டரை ஓரம் கட்டிவிட்டு அடுத்ததை எடுத்திருப்பார். பிளங்கெட்டும் அவருடைய உதவியாளர் ஜாக் ரெபாக்கும் அதை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே வெள்ளையாக, மெழுகு போன்ற தூள் இருந்தது. வாயு மூலக்கூறுகள் தாமாகவே சங்கிலி கோத்துப் பாலிமராகிவிட்டன.

அந்தத் தூளை அமிலம் அரிக்கவில்லை. எந்தத் திரவமும் கரைக்கவில்லை. 327 டிகிரி சென்டிகிரேடு வரை உருகவும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுத் திட்டத்தில், எதையும் அரிக்கும் யுரேனியம் ஹெக்ஸாஃப்ளோரைடு வாயுவைத் தாங்கும் அடைப்பான்களுக்கு இது பயன்பட்டது. 1945-ல் 'டெஃப்ளான்' என்ற வணிகப் பெயர் பதிவாயிற்று.

இந்தப் பிடிவாதமான சுபாவத்துக்குக் காரணம் ஃப்ளோரின். நடுவில் கார்பன் அணுக்களின் நீண்ட சங்கிலி. அதைச் சுற்றி உறை போட்டது போல ஃப்ளோரின் அணுக்கள். கார்பனுக்கும் ஃப்ளோரினுக்கும் உள்ள பிணைப்பு, கரிம வேதியியலில் மிகவும் பலமான பிணைப்புகளில் ஒன்று. ஃப்ளோரின் தன் எலக்ட்ரான்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வரும் எதனோடும் உறவு வைத்துக்கொள்ளாமல் இருக்கிறது. சுவரில் தலைகீழாக ஓடும் பல்லி இனங்கள்கூட உலர்ந்த டெஃப்ளானில் பிடிப்புக் கிடைக்காமல் வழுக்குகின்றன.

இந்த ஒரு பிணைப்பை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் போதும். தோசை வழுக்கிக்கொண்டு வருவதற்கும் அதுதான் காரணம். இனிமேல் நான் சொல்லப்போகும் கஷ்டங்களுக்கும் அதுதான் காரணம்.

எதிலும் ஒட்டாததைப் பாத்திரத்தில் ஒட்டுவது எப்படி?

இது நியாயமான கேள்வி. மாணவர்கள் ஒவ்வொரு வருஷமும் கேட்பார்கள். டெஃப்ளான் எதிலும் ஒட்டாது என்றால் வாணலியில் மட்டும் எப்படி ஒட்டுகிறது?

விடை கண்டவர் மார்க் கிரெகுவார் என்ற பிரெஞ்சு எஞ்சினியர். மீன்பிடி சாதனங்களுக்காக டெஃப்ளானை அலுமினியத்தில் பதிக்கும் வழி தேடிக்கொண்டிருந்தார். 1954-ல் அவருடைய மனைவி கோலெட், "அதை என் சமையல் பாத்திரத்தில் பூசக் கூடாதா?" என்று கேட்டார். 1956-ல் டெஃபால் நிறுவனம் பிறந்தது. டெஃப்ளான், அலுமினியம் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்து வைத்த பெயர் அது.

வழி எளிது. அமிலத்தால் அலுமினியத்தை அரித்து, கண்ணுக்குத் தெரியாத குழிகள் ஆயிரக்கணக்கில் உண்டாக்க வேண்டும். அதன் மேல் டெஃப்ளானைப் பூசிச் சூளையில் சுட்டால், அது குழிகளுக்குள் இறங்கி இறுகிக்கொள்ளும். ரசாயன உறவு எதுவும் இல்லை; கொக்கியில் மாட்டியது போன்ற பிடிப்புதான். பிற்காலத்தில் வேறு பிசின்களைக் கலந்து அடிப்பூச்சு, நடுப்பூச்சு, மேல்பூச்சு என்று இரண்டு மூன்று அடுக்காகப் போட ஆரம்பித்தார்கள். ஆனாலும் அடிப்படை அதுவே. இரும்புக் கரண்டியால் சுரண்டினால் பூச்சு ஏன் பெயர்கிறது, பெயர்ந்த இடம் ஏன் மறுபடி வளர்வதில்லை என்பது இப்போது புரியும்.

பார்க்கர்ஸ்பர்க் ஊரின் கதை

டெஃப்ளான் தூளைத் தண்ணீரில் கட்டி தட்டாமல் கலந்து தயாரிக்க, சோப்பு போல வேலை செய்யும் ஒரு துணைப் பொருள் வேண்டியிருந்தது. எட்டுக் கார்பன் அணுக்கள் கொண்ட அந்தப் பொருளுக்கு பி.எஃப்.ஓ.ஏ. என்று பெயர்; தொழிற்சாலையில் சி-8 என்பார்கள். மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஒஹையோ நதிக்கரையில் பார்க்கர்ஸ்பர்க் அருகே இருந்த டூபாண்ட் ஆலையில் 1951 முதல் இதைப் பயன்படுத்தினார்கள். கழிவு ஆற்றிலும் குப்பை கொட்டும் நிலத்திலும் போய்ச் சேர்ந்தது.

வில்பர் டெனன்ட் என்ற விவசாயியின் மேய்ச்சல் நிலத்தை ஒட்டி அப்படி ஒரு குப்பை நிலம் இருந்தது. அங்கிருந்து ஓடி வந்த ஓடைத் தண்ணீரைக் குடித்த அவருடைய மாடுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. உள்ளூரில் யாரும் காது கொடுக்கவில்லை. 1998-ல் அவர் ராபர்ட் பிலாட் என்ற வக்கீலை அணுகினார். பிலாட் வேலை பார்த்த அலுவலகம், ரசாயனக் கம்பெனிகளுக்காக வாதாடி வந்த அலுவலகம் என்பதுதான் விசேஷம். 1999-ல் வழக்குப் போட்டார். கம்பெனியின் காகிதங்கள் பெட்டி பெட்டியாக வந்தன. சுற்றுவட்டாரக் குடிநீரில் சி-8 கலந்திருப்பதை 1984-லேயே கம்பெனி சோதித்து அறிந்திருந்தது அவற்றிலிருந்து வெளிப்பட்டது.

2001-ல் ஊர் மக்கள் அனைவருக்குமாக வழக்கு நடந்தது. சமரச உடன்படிக்கையின்படி சுமார் 69,000 பேர் ரத்தம் கொடுத்து, உடல்நல விவரமும் கொடுத்தார்கள். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மூன்று நிபுணர்கள் வருஷக்கணக்கில் ஆராய்ந்து 2011, 2012-ஆம் ஆண்டுகளில் முடிவு சொன்னார்கள். சிறுநீரகப் புற்று, விரைப் புற்று, குடல் அழற்சி, தைராய்டு கோளாறு, கர்ப்ப காலத்து ரத்த அழுத்தம், அதிகக் கொலஸ்ட்ரால் ஆகிய ஆறுக்கும் இந்தப் பொருளுக்கும் தொடர்பு இருக்க வாய்ப்புண்டு என்பது அந்த முடிவு. 2017-ல் சுமார் 3,550 வழக்குகளுக்காக 67 கோடியே 10 லட்சம் டாலர் இழப்பீடு தர கம்பெனி ஒப்புக்கொண்டது.

இந்தப் பொருள் உடம்பில் சேர்ந்தால், சேர்ந்ததில் பாதி வெளியேறவே இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகும். மண்ணில் பாக்டீரியாவால் அதை எளிதில் உடைக்க முடியாது. சூரிய ஒளியாலும் முடியாது. காரணம், அதே கார்பன்–ஃப்ளோரின் பிணைப்பு. இந்த வகைப் பொருள்களுக்கு 'அழியா ரசாயனங்கள்' என்று பெயர் வந்தது அதனால்தான்.

பிறகு உலகம் விழித்துக்கொண்டது. அமெரிக்காவில் எட்டுப் பெரிய கம்பெனிகள் 2015-க்குள் இதைக் கைவிடுவதாக ஒப்புக்கொண்டன. 2019-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் தடைப் பட்டியலில் இது சேர்ந்தது. 2023-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்புப் பொருள் என்று அறிவித்தது. 2024 ஏப்ரலில் அமெரிக்கா குடிநீருக்கு விதித்த வரம்பு, லிட்டருக்கு 4 நானோகிராம். ஒரு கிராமை 100 கோடி பங்காக்கி அதில் நான்கு பங்கு! ஐந்து ஒலிம்பிக் நீச்சல் குளங்களில் ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நம் வீட்டுத் தவாவில் இருப்பது டெஃப்ளான். அது சி-8 அல்ல. சூளையில் சுடும்போது சி-8 பெரும்பாலும் போய்விடும். முடிந்த பாத்திரத்தில் மிச்சம் இருந்தது மிக அற்பம். தோசை வார்த்த நமக்குப் பெரிய கெடுதல் வரவில்லை. தொழிற்சாலைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள்தான் கஷ்டப்பட்டார்கள். நம் சௌகரியத்துக்கான விலையை நமக்குத் தெரியாத ஓர் ஊர் கொடுத்தது. இது மனதை உறுத்த வேண்டிய விஷயம் என்றே நினைக்கிறேன்.

சி-8-க்குப் பதிலாக வந்த ஜென்-எக்ஸ் என்ற பொருளும் அதே குடும்பம்தான். அது வட கரோலினாவின் கேப் ஃபியர் ஆற்றில், குடிநீர் எடுக்கும் இடத்தில் கலந்திருப்பது 2017-ல் பொதுமக்களுக்குத் தெரியவந்தது. நம் நாட்டிலும் இந்த வகைப் பாலிமர்கள் தயாராகின்றன. ஹைதராபாத் அருகே ருத்ராரத்தில் ஒரு பொதுத்துறை ஆலை இருந்தது. குஜராத்தின் தஹேஜில் பெரிய தனியார் ஆலை இருக்கிறது. இவர்கள் தவறு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்படிப்பட்ட ஆலை எங்கே இருந்தாலும் அதைச் சுற்றியுள்ள கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து, முடிவைப் பகிரங்கமாக வெளியிடச் சொல்லிக் கேட்பது படித்தவர்களின் கடமை. பார்க்கர்ஸ்பர்க்கில் அப்படி யாரும் கேட்காமல் பல ஆண்டுகள் போயின.

தாமரையும் குடுவைச் செடியும்

இயற்கை இதே வேலையை எப்படிச் செய்கிறது என்று பார்ப்போம். 'தாமரை இலைத் தண்ணீர் போல' என்பது நமக்கு வீட்டுப் பேச்சு. கீதையின் ஐந்தாம் அத்தியாயத்தில் இந்த உவமை வருவதும் இங்கே பலருக்குத் தெரியும். அதன் ரகசியத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து விளக்கியவர் ஜெர்மனியின் பான் நகர் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட். அவரும் கிறிஸ்டோஃப் நைன்ஹூயிஸும் 1997-ல் எழுதிய கட்டுரை பிரசித்தமானது. இலை மேல் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மேடுகள். அவற்றின் மேல் மெழுகுத் துகள்கள். சொட்டு அந்த நுனிகளில் மட்டும் உட்காருகிறது, அடியில் காற்று. ஆகவே உருண்டு ஓடுகிறது. போகும்போது தூசியையும் துடைத்துக்கொண்டு போகிறது.

இதைப் பார்த்து மனிதர் செய்த பரப்புகளுக்கு மூன்று குறை. எண்ணெய் பட்டால் காற்று இருந்த இடத்தில் எண்ணெய் நிறைந்துவிடும். தேய்த்தால் நுனிகள் மழுங்கும். ஈரப்பதமான குளிரில் இடுக்குகளுக்குள் பனி உறைந்து, வழுக்க வேண்டிய பரப்பே பனிக்கட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உயிருள்ள தாமரைக்கு இந்தக் கவலை குறைவு. மெழுகு தேய்ந்தால் இலை மறுபடி சுரந்துகொள்ளும்.

இன்னொரு செடி வேறு வழி வைத்திருக்கிறது. மேகாலயாவின் காசி, ஜயந்தியா, காரோ மலைகளில் குடுவைச் செடி வளர்கிறது. நெப்பந்தஸ் காசியானா என்பது அதன் தாவரவியல் பெயர். இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே நெப்பந்தஸ் இனம் அதுதான். காசி மொழியில் அரக்கப் பூ என்று பொருள்படும் 'தியூ-ரகோட்' என்கிறார்கள். ஷில்லாங்கிலும் துராவிலும் உள்ள நம் அங்கத்தினர்கள் பார்த்திருக்கக் கூடும்.

நெப்பந்தஸ் செடிகளில் பூச்சி ஏன் வழுக்கி விழுகிறது என்பதை ஹோல்கர் போன், வால்டர் ஃபெடர்லே என்ற இருவர் 2004-ல் விளக்கினார்கள். குடுவையின் விளிம்பில் நுண்ணிய வரப்புகள் இருக்கின்றன. மழை நீரும் தேனும் அவற்றில் பரவி மெல்லிய ஏடாக நிற்கின்றன. பூச்சியின் காலில் உள்ள எண்ணெய்ப் பிசின் அந்த நீர் ஏட்டின் மேல் பிடிப்பில்லாமல் போகிறது. மழைக்காலச் சாலையில் கார் டயர் வழுக்குவது போலத்தான். தாமரை காற்றை வைத்துக்கொண்டு வழுக்கச் செய்கிறது. குடுவைச் செடி திரவத்தை வைத்துக்கொண்டு வழுக்கச் செய்கிறது.

இதையே 2011-ல் ஹார்வர்டில் ஜோயன்னா ஐஸன்பர்க், டாக்-சிங் வாங் முதலியோர் செய்து காட்டினார்கள். நுண்துளைகள் கொண்ட ஒரு பரப்பில் வழுக்கும் திரவத்தை ஊற வைத்தார்கள். தண்ணீர், எண்ணெய், ரத்தம், பனிக்கட்டி எதுவும் அதில் நிற்கவில்லை. கத்தியால் கீறினாலும் திரவம் ஓடி வந்து கீறலை நொடிக்குள் மூடிக்கொண்டது. 2014-ல் இதே கருத்தில் மருத்துவக் குழாய்களுக்குப் பூச்சு செய்து, பன்றிகளிடம் சோதித்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து இல்லாமலே எட்டு மணி நேரம் குழாயில் ரத்தம் கட்டாமல் ஓடியது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் உள்ள குடும்பத்தினருக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

நமக்குச் சந்தோஷமான செய்தியும் ஒன்று உண்டு. எம்.ஐ.டி. பேராசிரியர் கிருபா வாராணசி, சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். படித்தவர். அவரும் அவருடைய மாணவர்களும் 2012-ல் காட்டிய கெச்சப் பாட்டில் உலகமெங்கும் பேசப்பட்டது. உள்ளே திரவம் ஊறிய பூச்சு; கவிழ்த்தால் கெச்சப் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இறங்கிவிடும். பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி வைத்துக் காத்திருக்கும் நம் வீட்டுப் பழக்கத்துக்கு முடிவு கட்டும் கண்டுபிடிப்பு!

ஆனால் ஒரு சங்கடம். ஹார்வர்டில் முதலில் பயன்படுத்திய துளைப் பரப்பு டெஃப்ளான். ஊற வைத்த திரவமும் ஃப்ளோரின் சேர்ந்ததுதான். சுற்றிச் சுற்றி அதே குடும்பம். பின்னால் வந்தவர்கள் சிலிகோன் எண்ணெய், தாவர எண்ணெய் என்று மாற்றுத் தேடியதற்கு இதுவும் ஒரு காரணம். திரவம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் மறுபடி நிரப்புவது எப்படி என்பதும் அவர்களுக்குப் பெரிய கேள்வி.

பனிக்கட்டிக்கு வேறு வழி

பனி நாடுகளில் இது உயிர் பிரச்சினை. 1982 ஜனவரி 13-ஆம் தேதி வாஷிங்டனில் கொட்டும் பனியில் கிளம்பிய ஏர் ஃப்ளோரிடா விமானம், இறக்கையில் பனி படிந்திருந்த நிலையில் மேலெழ முடியாமல் பாலத்தில் மோதி பொடோமாக் நதியில் விழுந்தது. பாலத்தில் இருந்தவர்களையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள். பனி நீக்க விமானத்தின் மேல் இன்றைக்கும் டன் கணக்கில் கிளைக்கால் கரைசலைத் தெளிக்கிறார்கள்.

அலுமினியத்தில் பிடித்த பனிக்கட்டியைப் பெயர்க்கச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 16 கிலோ எடை அளவு விசை வேண்டும். அதை ஒரு கிலோவுக்குக் கீழே கொண்டு வந்தால் பனி விலக்கும் பரப்பு என்று மதிக்கிறார்கள். தண்ணீரை விரட்டும் டெஃப்ளான்கூட இந்தப் பரீட்சையில் தேறவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அனிஷ் டுடேஜா குழுவினர் 2016-ல் வேறு வழி காட்டினார்கள். ரப்பர் போல இளகும் பாலிமர் பூச்சு போட்டார்கள். பனிக்கட்டி விறைப்பானது, ரப்பர் வளைகிறது. தள்ளும்போது இரண்டும் ஒன்றுபோல அசையாததால் பிடி விட்டுப் போகிறது.

இதை நிரூபிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். பழைய ஃப்ரிட்ஜின் அலுமினிய ஐஸ் தட்டைக் குழாயடியில் காட்டித் தட்டுவோம். இப்போதைய சிலிகோன் தட்டை லேசாக வளைத்தாலே ஐஸ் குதித்து வெளியே வருகிறது. அதே தத்துவம்தான், ஃப்ளோரின் துளியும் இல்லை.

பாட்டி போட்ட பூச்சு

இப்போது இரும்பு தோசைக்கல்லுக்கு வருவோம். புதுக் கல் வாங்கினால் அரிசி களைந்த தண்ணீரில் ஊற வைத்து, தேய்த்துக் கழுவி, நல்லெண்ணெய் தடவிச் சூடாக்கி, ஆற விட்டு, மறுபடி தடவி, இப்படி நாலைந்து நாள் 'பழக்குவது' நம் வீட்டு வழக்கம். இதில் நடப்பது என்ன? எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் சூட்டிலும் காற்றிலும் ஒன்றோடு ஒன்று பிணைந்து பாலிமராகின்றன. இரும்பின் சொரசொரப்பில் இறங்கி, கறுப்பாக, வழவழப்பாக, மெல்லிய ஏடாகப் படிந்துவிடுகின்றன. கிரெகுவார் அலுமினியத்தில் செய்ததற்கு முன்பே நம் பாட்டிமார் செய்துவந்த பாலிமர் பூச்சு இது.

பாட்டிமார் சொன்ன விதிகளுக்கும் காரணம் உண்டு. தோசைக்கல்லில் புளி சேர்ந்தது எதுவும் செய்யாதே என்பார்கள்; அமிலம் பூச்சை அரித்துவிடும். தோசைக்கல்லில் சப்பாத்தி போடாதே என்பார்கள். எண்ணெய் இல்லாத அதிகச் சூட்டில் ஏடு கருகிப் போகும். சோப்புப் போட்டுப் பரபரவென்று தேய்க்காதே என்பார்கள். காரணம் நீங்களே சொல்வீர்கள். ஒவ்வொரு தோசைக்கும் முன்பு வெங்காயத்தாலோ, வெங்காயம் சேர்க்காத நாளில் கத்திரிக்காய்க் காம்பாலோ எண்ணெய் தடவுவது, தேய்ந்த ஏட்டை அவ்வப்போது புதுப்பிக்கும் வேலை. தாமரை மெழுகைச் சுரப்பது போல, குடுவைச் செடி மழையை வாங்கி நிரப்பிக்கொள்வது போல.

டெஃப்ளான் அளவுக்கு இது வழுக்காது என்பது உண்மை. கல்லும் கனம், வயதானவர்களுக்குத் தூக்கச் சிரமம். எண்ணெயும் கொஞ்சம் கூட வேண்டும். அதனால் நான்-ஸ்டிக் வைத்திருப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சில விதிகளை மட்டும் கடைப்பிடியுங்கள்.

1. காலிப் பாத்திரத்தைப் பெரிய தீயில் வைக்காதீர்கள். டெஃப்ளான் சுமார் 260 டிகிரி வரை நிம்மதியாக இருக்கும். வெறும் பாத்திரம் சில நிமிஷங்களிலேயே அதைத் தாண்டிவிடும். மிகவும் காய்ந்தால் வரும் புகை மனிதருக்கு ஜுரம் போன்ற உபாதை தரும். கூண்டுக் கிளிகளுக்கு உயிருக்கே ஆபத்து.

2. மரக் கரண்டி அல்லது சிலிகோன் கரண்டி உபயோகியுங்கள். தப்பித்தவறி ஒரு துணுக்கு வயிற்றில் போனால் பயப்பட வேண்டாம். அது ஜீரணமாகாமல் வெளியே போய்விடும். ஆனால் பூச்சு உரிந்த பாத்திரத்தை மேலும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

3. 'பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது' என்ற லேபிளை நிதானமாகப் படியுங்கள். அந்தத் துணைப் பொருள் இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம். பூச்சு டெஃப்ளான் வகையாகவே இருக்கலாம். ஃப்ளோரின் அறவே இல்லாத பூச்சு வேண்டுமானால் 'பி.எஃப்.ஏ.எஸ். இல்லாதது' என்று இருக்கிறதா பாருங்கள்.

4. 'செராமிக்' என்று விற்பது மணலின் உறவான சிலிக்கா வகைப் பூச்சு. அதில் ஃப்ளோரின் கிடையாது. ஆனால் வழவழப்பு சீக்கிரம் போய்விடும்.

5. நல்ல நிலையில் உள்ள பாத்திரத்தைப் பயந்து தூக்கி எறியாதீர்கள். எறிந்தால் அது குப்பை மேட்டில் அழியாமல் கிடக்கும். ஒழுங்காக உபயோகித்து, தேய்ந்த பின் அடுத்ததை யோசித்து வாங்குங்கள்.

நண்பர்களே, பாத்திரம், மழைக்கோட்டு, கறை படாத சோபாத் துணி, காரின் பளபளப்புப் பூச்சு என்று 'எதுவும் ஒட்டாது' என்ற விளம்பரத்தோடு இன்னும் எத்தனையோ வரும். கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இது தேய்ந்தால் மறுபடி புதுப்பிக்க முடியுமா? தேய்ந்து போவது எங்கே போய்ச் சேரும்? அவருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். பலர் கேட்டால் அவர் கம்பெனியைக் கேட்பார். கம்பெனியும் பதில் தேட வேண்டி வரும். டெனன்ட் என்ற விவசாயி தன் மாடுகளுக்காகக் கேட்ட கேள்விதான் கடைசியில் உலக சட்டங்களை மாற்றியது.

செயலாளர் கொடுத்த பத்து நிமிஷத்தைத் தாண்டிவிட்டேன். கேள்விகள் இருந்தால் சாப்பாட்டுப் பந்தியில் தாராளமாகக் கேட்கலாம்.